பின்சந்து வழியே போன வரலாறு

நேரே பொருளுக்குப் போகலாம்.

பொருளும் அவைக்குப் பாதி தெரிந்ததுதான். சிங்கப்பூரின் பொதுச் சுகாதார வெற்றியை எங்கிருந்து எண்ணத் தொடங்குவது? துறை நண்பர்கள் நீர்த்தேக்கத்திலிருந்து எண்ணுகிறார்கள். 1857-இல் வணிகர் டான் கிம் செங் நகரின் குடிநீருக்காக 13,000 வெள்ளி நன்கொடை தந்தார், 1868-இல், இன்று மெக்ரிட்சி எனப்படும் தேக்கம் கட்டி முடிந்தது, 1961, 1962-இல் ஜோகூருடன் தண்ணீர் ஒப்பந்தங்கள், 2003-இல் புதுநீர் என்னும் மறுசுழற்சி நீர். இதெல்லாம் வீட்டுக்குள் வந்த தண்ணீரின் வரலாறு. வீட்டைவிட்டு வெளியே போனதைப் பற்றி இதில் ஒரு வரியும் இல்லை. அந்த இரண்டாவது வரலாறுதான் இந்த நகரைக் காப்பாற்றியது என்பது இவ்வுரையின் கட்சி. கருத்தரங்குகளில் கேள்வி நேரத்தோடு அமுக்கப்பட்டுவந்த இந்தக் கட்சியை இன்றாவது முழுதாக வாதாடிவிட வேண்டும்.

தேக்கம் கட்டி முடிந்தது 1868. வீட்டுக் கக்கூசுகளிலிருந்து கடைசி மலவாளி எடுக்கப்பட்டது 1987 ஜனவரியில். இடையே 119 ஆண்டுகள். நீர்த்தேக்கத்தை முதலில் வைத்து எழுதும் எந்த வரலாறும் இந்த இடைவெளிக்கு விளக்கம் தருவதில்லை.

சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் தெருக்களுக்குள் நுழைந்து, கடைவீடுகளின் முதுகுப்பக்கம் போய்ப் பார்த்தால் விளக்கம் கிடைக்கும். முகப்பில் வண்ணப் பூச்சும் ஐந்தடி வழியும் சுற்றுலாப் பயணிகளும். பின்னால், இரண்டு வரிசை வீடுகளுக்கு நடுவே குறுகிய சந்து, அதில் லோங்காங் எனப்படும் ஒரு சாக்கடை, சில சுவர்களில் மாடிக்கு ஏறும் இரும்புச் சுழல்படி. மலவாளி எடுப்பவர் குடும்பத்தாரின் கூடத்துக்குள் கால் வைக்காமலே மாடிக் கக்கூசை எட்டுவதற்கும் அந்தப் படிகள் பயன்பட்டன. கீழ்த்தளத்தில் முழங்கால் உயரத்தில் ஒரு சிறு கதவு இருக்கும். அதைத் திறந்து நிறைந்த வாளியை இழுப்பார், காலி வாளியைத் தள்ளுவார், கதவைச் சாத்துவார். உள்ளே இருப்பவர் அவர் முகத்தைப் பார்க்க வேண்டியதே இல்லை.

இந்தச் சந்துகள் நகரோடு பிறந்தவை அல்ல. பழைய கடைவீடுகள் பலவும் முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டப்பட்டவை. பின்வழி கிடையாது. ஆகவே வாளி, அடுப்படியையும் படுக்கையையும் கடந்து, முன்வாசல் வழியாகத்தான் தெருவுக்கு வந்தது. 1906-இல் இங்கு வந்து நகரின் சுகாதாரத்தை ஆராய்ந்த பேராசிரியர் டபிள்யூ. ஜே. சிம்ப்சன், 1907 அறிக்கையில் இதைத்தான் முக்கியக் குறையாகக் காட்டினார். பலகை அடித்துப் பிரித்த இருட்டறைகள், காற்றில்லாமை, காசநோய், இவற்றோடு பின்வழி இல்லாமை. பின்சந்து திறக்க வேண்டும் என்றார். சந்து திறக்க வீட்டின் பின்பகுதியை இடிக்க வேண்டும்; உரிமையாளருக்கு இழப்பீடு தர வேண்டும். அதனால் வேலை பல பத்தாண்டுகள் இழுத்தது. கழிவுநீர்க் குழாய்த் திட்டம் 1910-களில்தான் தொடங்கியது. குழாய் எட்டாத இடங்களில் வாளியே ஆண்டது. மலத்துக்கு விலையும் இருந்தது: காய்கறித் தோட்டக்காரர்கள் அதை எருவாக வாங்கினார்கள். பிற்காலத்தில் பக்கவாட்டில் சிறுசிறு கதவுகள் வைத்த லாரிகள் வாளிகளை லோரோங் ஹாலுஸ் நிலையத்துக்கு ஏற்றிச் சென்றன.

வாளி தூக்கியவர்கள் பெரும்பாலும் சீனர்கள். தெருக் கூட்டியவர்களிலும் லோங்காங் வாரியவர்களிலும் தமிழர்கள் மிகப் பலர். முனிசிபல் கூலி லைன்களில் மண்டோர் என்னும் மேற்பார்வையாளரின் அதட்டலுக்கு எழுந்தவர்கள். இவர்கள் வேலையை நிறுத்தினால் என்ன ஆகும் என்பது அரசுக்குத் தெரிந்திருந்தது. 1967 பிப்ரவரி 1 அன்று துப்புரவுப் பணியாளர் சுமார் 2,400 பேர் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களுடைய தொழிற்சங்கக் கூட்டமைப்பின் தலைவர் கே. சுப்பையாவும் மற்றத் தலைவர்களும் கைதானார்கள். தொழிலாளர்கள் தாமாகவே வேலையை விட்டுவிட்டதாக அறிவித்த அரசு, வேண்டுவோர் மறுநாள் புதிதாக விண்ணப்பிக்கலாம் என்றது. ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் விண்ணப்பித்தார்கள். பின்னர் சங்கத்தின் பதிவு நீக்கப்பட்டது. இந்நிகழ்ச்சியை நண்பர்கள் தொழிலாளர் வரலாற்றில் ஒரு பத்தியாக ஒதுக்கிவிடுகிறார்கள். அடுத்த ஆண்டு அக்டோபரில் தொடங்கிய ‘சிங்கப்பூரைச் சுத்தமாக வைத்திருப்போம்’ இயக்கத்தையோ சுகாதார வரலாற்றில் வைக்கிறார்கள். இரண்டும் ஒரே தெருவில், ஒரே விளக்குமாற்றைப் பற்றி நடந்தவை. பிரித்துவைப்பது பிழை.

1977-இல் பிரதமர் லீ குவான் இயூ சிங்கப்பூர் ஆற்றைச் சுத்தமாக்கப் பத்தாண்டுக் கெடு விதித்தாரே, அரசியல் உறுதிதானே காரணம் என்பார்கள். உறுதி இருந்தது, மறுப்பில்லை. அந்த உறுதி எதில் செலவானது? 610 பன்றிப் பண்ணைகளையும் 500 வாத்துப் பண்ணைகளையும் அகற்றுவதில். புறம்போக்குக் குடிசைகளிலிருந்து மக்களைக் கழிப்பறையுள்ள வீடுகளுக்கு மாற்றுவதில். தெருவோரக் கடைகளை வடிகால் வசதியுள்ள நிலையங்களுக்குள் கொண்டுவருவதில். தேக்கா நிலையம் 1982-இல் எழுந்ததும் அந்தக் காலத்தில்தான். ஆற்றுக்குள் போவதை வீட்டு வாசலிலேயே தடுத்த வேலை அது.

புதுநீர்? சவ்வுத் தொழில்நுட்பத்தின் சாதனை என்கிறார்கள். 1974-இல் ஜூரோங்கில் நடந்த முதல் முயற்சி அக்காலச் சவ்வுகளின் குறையாலும் செலவாலும் நின்றது உண்மையே. ஆனால் இன்று சவ்வைக் காசு கொடுத்து எந்த ஊரும் வாங்கலாம். சென்னையும் வாங்கியது, கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் நாளொன்றுக்குத் தலா 4.5 கோடி லிட்டர் சுத்திகரிக்கும் நிலையங்கள் 2019-இல் இயங்கத் தொடங்கின. கடையில் கிடைக்காதது, ஒவ்வொரு வீட்டுக் கழிவையும் மழைநீரோடு கலக்காமல் கொண்டுசேர்க்கும் குழாய். அது இங்கே முன்பே இருந்ததால்தான் புதுநீர் சாத்தியமானது.

தேக்கா நிலையத்தை ஒட்டிய பஃபலோ ரோட்டில் பெய்யும் மழை ரோச்சோர் கால்வாய் வழியே, 2008-இல் அணை கட்டி உருவான மரினா நீர்த்தேக்கத்துக்குப் போகிறது. ஆகவே ஞாயிறு இரவு அந்தச் சாலையைக் கூட்டுகிறவரும் ஒருவகையில் குடிநீர்த் துறை ஊழியரே. எந்தப் பாடநூலும் அவரை அப்படிச் சொல்வதில்லை.

உலகக் கணக்கும் இதையே காட்டுகிறது. 2022-இல் பாதுகாப்பான குடிநீர் இல்லாதவர் 220 கோடி. பாதுகாப்பான கழிவகற்றல் இல்லாதவர் 350 கோடி.

நேரம் நெருங்குவதால், இனி நடக்க வேண்டிய ஆய்வுகளைக் குறிப்பாக மட்டும் சொல்லலாம். வெளிநாட்டு ஊழியர் தங்குவிடுதிகளில் முன்பு 15 பேருக்கு ஒரு கழிப்பறை போதும் என்ற விதி இருந்தது. 2020 கொரோனாவுக்குப் பிறகு புதிய விடுதிகளில் அது 6 பேருக்கு ஒன்றாக ஆனது. பழைய விடுதிகளில் நிலை எப்படி மாறுகிறது என்பதை ஒருவர் தொடர்ந்து பதிவு செய்ய வேண்டும். முனிசிபல் ஆண்டறிக்கைகளில் குடிநீருக்கும் கழிவகற்றலுக்கும் ஒதுக்கிய தொகைகளை ஆண்டுவாரியாக ஒப்பிடலாம். கூலி லைன்களில் வளர்ந்தவர்களின் பேட்டிகளைத் தமிழிலேயே எடுக்க வேண்டும். அவர்களுக்கு வயதாகிவிட்டது, இது உடனடி வேலை. 1935 முதலான ‘தமிழ் முரசு’ இதழ்களில் துப்புரவுத் தொழிலாளர் பற்றிய செய்திகளுக்கு ஓர் அட்டவணை தேவை. அதை மாணவர்கள் இந்த ஆண்டே தொடங்கலாம்.