அன்னா மணிக்குக் கிடைக்காத பட்டம்



நம் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றிவிட்டால் வள்ளங்களும் தோணிகளும் கரையிலேயே நிற்கும். காற்றையும் மழையையும் அளக்கும் கருவிகளை இந்தியாவிலேயே செய்யவைத்தவர்களில் முக்கியமானவர் அன்னா மணி. கயத்தாறு பக்கம் காற்றாலைகள் சுழல்கின்றனவே, அந்தத் தொழிலுக்கு அடிப்படையாக நாடு முழுக்கக் காற்றை அளந்த ஆய்வையும் நடத்தியவர் அவர். இங்கே எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்? சர் சி.வி.ராமனை எல்லாருக்கும் தெரியும். பிப்ரவரி 28 வந்தால் பள்ளிதோறும் அவர் படம்தான்.

அந்த ராமனின் மாணவிதான் அன்னா மணி. 1940இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சேர்ந்தார். வைரத்தின் ஒளிர்வைத் தகட்டில் பதிக்கப் பதினைந்து, இருபது மணி நேரம் பிடிக்கும், ஆய்வகத்திலேயே படுத்துக்கொள்வார். 1942 முதல் 1945 வரை தனி ஆளாக ஐந்து கட்டுரைகள் வெளியிட்டார். 1945இல் ஆய்வேட்டைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் கொடுத்தார். எம்.எஸ்சி. இல்லை, ஆகவே முனைவர் பட்டம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அதே ஆய்வகத்தில் இருந்த சுனந்தா பாய்க்கும் பட்டம் கிடைக்கவில்லை.

தகுதி! நமக்குப் பழகிய சொல்தான்.

ராமனும் ஆய்வேடு எழுதி முனைவரானவர் அல்ல. 1907இல் எம்.ஏ. முடித்து நிதித்துறை வேலைக்குப் போனவர். 1917இல் கல்கத்தா பல்கலைக்கழகம் பேராசிரியராக அழைத்தபோது, வெளிநாட்டில் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்றொரு விதி இருந்தது. போகமாட்டேன் என்றார் ராமன். அசுதோஷ் முகர்ஜி அந்த விதியைத் தளர்த்தினார். நல்ல முடிவு, நானும் கைதட்டுகிறேன். ஊர் வேறு, பல்கலைக்கழகம் வேறு என்பதும் தெரியும். ஆனாலும் விதி யாருக்கு வளைகிறது, யாருக்கு விறைக்கிறது என்று பார்க்கத்தானே வேண்டும்?

1933இல் ராமன் அந்தக் கழகத்தின் இயக்குநர். கமலா பாக்வத், பின்னாளில் கமலா சோஹோனி, உயிர்வேதியியல் ஆய்வுக்கு விண்ணப்பித்தார். பெண் என்பதால் இடமில்லை என்றார் ராமன். கமலா விடவில்லை. கடைசியில் நிபந்தனையோடு சேர்த்தார்: ஓராண்டு சோதனைக்காலம், ஆண் ஆய்வாளர்களின் கவனத்தைக் கலைக்கக் கூடாது.

இதைச் சொன்னால், "மேதைங்க, கொஞ்சம் அப்படித்தான் இருப்பார்" என்பார்கள். இயக்குநரின் குணம் சேர்க்கை விதியாகிவிட்ட பிறகு அதை வெறும் குணம் என்று எப்படி விடுவது? அந்த ஆய்வகத்தில் ஆணும் பெண்ணும் பேசிக்கொள்வதே குற்றம். கருவியில் பெண்ணின் கை சற்றுத் தவறினால், பெண்களுக்கே இது வராது என்ற தீர்ப்பு. நான் படித்த கல்லூரியிலும் ஸ்பெக்ட்ரோமீட்டரைத் திருப்பும் வேலை பையன்களுக்கு, அளவைக் குறிக்கும் வேலை எங்களுக்கு. அபா சூர் சாதி, பாலினம், அறிவியல் மூன்றையும் சேர்த்து எழுதிய நூலில் இந்தக் கதைகள் இருக்கின்றன. தேடிப் படியுங்கள்.

ஒன்றை மறைக்கக் கூடாது. அன்னா மணி பீர்மேட்டில் வசதியான சிரியன் கிறித்தவக் குடும்பத்தில் பிறந்தவர். தன்னைப் பாதிக்கப்பட்டவராக அவர் பார்க்கவே இல்லை. அந்தப் பேச்சே அவருக்குப் பிடிக்காது. அது அவருடைய நிமிர்வு. ஆனால் குடும்பப் பின்புலம் இருந்த அவருக்கே பட்டம் இல்லையென்றால், திரேஸ்புரத்திலிருந்து இயற்பியல் படிக்கப் போகும் பிள்ளைக்கு என்ன நடக்கும்?

அந்த ஆய்வேடு இன்றும் பெங்களூரில், ராமன் பெயரில் உள்ள ஆராய்ச்சி நிறுவனத்தின் நூலகத்தில் இருக்கிறது.

சரி, கேள்விகளுக்கு வருவோம். பின்வரிசையில் இருக்கும் மாணவிகள் முதலில் கேளுங்கள்.