தோற்றவர்க்கு இட்ட ஒப்போலை

(தமிழ் மன்றக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



தேர்தல் முடிவு வெளியான மறுநாள், வென்றவர் வீட்டு வாயிலில் மாலையும் கையுமாய்க் கூட்டம் நிற்கும். தோற்றவர் வீட்டிலும் ஆறுதல் கூற நாலு பேர் இருப்பர். ஆனால், தோற்றவர்க்கு ஒப்போலை இட்டுவிட்டு, விரலில் இட்ட கறையைப் பார்த்தவாறு திண்ணையில் அமர்ந்திருக்கின்றானே ஒருவன், அவனை உசாவுவார் எவர்? அவனைப் பற்றியதே இவ்வுரை.

1962-ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலை எடுத்துக் கொள்வோம். 1957-இல் 15 இடங்களில் வென்ற திராவிட முன்னேற்றக் கழகம் அத் தேர்தலில் 50 இடங்களைப் பெற்றது. ஆயினும், அக் கழகத்தை நிறுவிய அறிஞர் அண்ணா, தாம் பிறந்த காஞ்சிபுரத்திலேயே, ஐந்தாண்டுகட்கு முன் தம்மை வெல்ல வைத்த அதே தொகுதியிலேயே, பேராயக் கட்சியின் நடேச முதலியாரிடம் தோற்றார். படை வென்றது; படைத்தலைவர் வீழ்ந்தார்.

பிள்ளையார்பாளையத்துப் பட்டு நெசவாளர் ஒருவரை எண்ணிக் கொள்க. அண்ணாவின் பேச்சைக் கேட்கத் தறியை நிறுத்திவிட்டு நெடுந்தொலைவு நடந்தவர். தம் கைக்காசில் சுவருக்குச் சுண்ணாம்பு வாங்கித் தந்தவர். முடிவைக் கேட்ட இரவு அவர்க்கு உணவு இறங்கவில்லை. முதலில் எழுந்தது சினம். “ஊர் விலைபோய்விட்டது” என்றார். அடுத்து வந்தது கசப்பு. “தமிழன் என்றும் இப்படித்தான்” என்றார்.

இங்கே சற்று நிற்க வேண்டும். இந்தச் சொற்றொடர் நெசவாளர்க்கு மட்டும் உரியதன்று. தமிழியக்கத்தார் கூடுமிடமெல்லாம் கேட்பது. சொல்வார்க்கு அதில் ஒரு சுவையும் இருக்கின்றது போலும்! ஊரெல்லாம் கெட்டது, தான் ஒருவனே கெடவில்லை என்ற நிறைவு அதனுள் ஒளிந்து கிடக்கின்றது.

அடுத்த தறிக்காரர் மாற்றார்க்கு ஒப்போலை இட்டவர். ஏன் இட்டார்? அவர் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் நண்பகல் உணவு போடுகின்றார்கள். காமராசர் முதலமைச்சராய் இருந்து 1956-இல் தொடங்கிய திட்டம் அது. வீட்டில் அடுப்பெரியாத நாளிலும் பிள்ளை பள்ளிக்குப் போய் உண்கின்றான். உண்டபின் தமிழ்ப் பாடம் படிக்கின்றான். அந்தத் தந்தை தம் ஒப்போலையால் காட்டியது விலைபோதலா, நன்றியறிதலா? காசு வாங்கியவர்கள் எந்தத் தேர்தலிலும் இருப்பர். அவர்களுக்காக வழக்காட வேண்டியதில்லை. ஆனால் மாறி இட்டவர் அனைவரையும் அந்தக் கணக்கில் எழுதுவது நயன்மையாகாது. நம் நெசவாளர்க்கு இது விளங்க மூன்று நாள்கள் ஆயின. விளங்கியபின் சினம் தணிந்தது, துயர் தணியவில்லை.

காஞ்சிக்கு அணித்தே இருப்பது உத்தரமேரூர். முதற் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு அங்கே உள்ளது. குடத்திலிருந்து ஓலையை எடுத்தது ஒரு சிறுவன் கை. தன் பெயர் வராதவன் அங்கு எவரையும் நோக முடியாது. (அது பார்ப்பனர் ஊரவை, நெசவாளர்க்கு அங்கே ஓலை இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.) இன்றைய ஒப்போலையோ கண்மூடி எடுப்பதன்று. ஒவ்வொன்றிலும் ஒருவனுடைய எண்ணம் இருக்கின்றது. அதனால்தான் தோல்வி இவ்வளவு வலிக்கின்றது.

இனி, அத் தோல்வியால் விளைந்ததைக் காண்க. காஞ்சியில் தோற்ற அண்ணா அதே ஆண்டில் மாநிலங்களவை உறுப்பினராகித் தில்லி சென்றார். ‘தமிழ்நாடு’ என்னும் பெயர் வேண்டும் என்பதையும் ஒரு கோரிக்கையாகக் கொண்டு சங்கரலிங்கனார் விருதுநகரில் உண்ணாநோன்பிருந்து, 1956 அக்குதோபர் 13-இல் உயிர் நீத்தார். வங்காளத்துப் பொதுவுடைமைக் கட்சியினரான பூபேசு குப்தா அப் பெயர்மாற்றத்திற்கெனச் சட்ட முன்வரைவு கொணர்ந்தபோது, 1963-இல் மாநிலங்களவையில் அதனை ஏற்று அண்ணா வழக்காடினார். முன்வரைவு தோற்றது. காஞ்சியில் வென்றிருப்பின் அந்த அவையில் அக் குரல் ஒலித்திருக்குமா?

1967-இல் காற்று மாறியது. பிள்ளையார்பாளையத்தில் வெடி வெடித்தார்கள். அன்று விருதுநகரில் வேறொருவர் உண்ணாமல் படுத்திருப்பார். காமராசர் தம் சொந்த ஊரிலேயே மாணவர் தலைவர் சீனிவாசனிடம் 1285 ஒப்போலை வேறுபாட்டில் தோற்றார். அத் தேர்தலில் மாநிலம் முழுமையும் பேராயக் கட்சிக்கு விழுந்தவை நூற்றுக்கு ஏறத்தாழ 41. கழகம் எல்லாத் தொகுதியிலும் நிற்கவில்லை எனினும், அதற்கு விழுந்தவை அதனினும் சற்றுக் குறைவே. அந்த நாற்பத்தொரு பேரைத் தமிழரல்லர் என்று தள்ளிவிட எவர்க்கு வாய் வரும்? சூலை 18-ஆம் நாள் ‘தமிழ்நாடு’ பெயர்த் தீர்மானம் சட்டமன்றத்தில் வந்தபோது, தோற்ற கட்சியாரும் சேர்ந்து ஒருமனதாகவே நிறைவேற்றினர். 1969 சனவரி 14-இல் அப் பெயர் நடைமுறைக்கு வந்தது.

வேறொரு தேர்தலும் ஓசையின்றி நடந்துகொண்டிருந்தது. ஒரு தலைமுறைக்கு முன் சுவர்களில் ‘அபேட்சகர்’ என்றே எழுதினர். கூட்டத் தலைவர் ‘அக்கிராசனர்’ எனப்பட்டார். அமைச்சர் ‘மந்திரி’ ஆனார். வேட்பாளர், தலைவர், அமைச்சர், சட்டமன்றம் என்னும் சொற்களை எதிர்க்கட்சியாரும் எழுதத் தொடங்கினர். அண்ணாவைத் தோற்கடித்தவர்க்காகச் சுவர் எழுதியவனும் ‘வேட்பாளர்’ என்று எழுதியிருப்பின், அந்தச் சுவரில் வென்றது யார்?

நெசவாளர் இவற்றையெல்லாம் பார்த்தார். இன்று அவர் பேரன் தறியில் இருக்கின்றான். அடுத்த தறிக்காரரின் பேரனும் இருக்கின்றான். இன்னமும் வேறு வேறு கட்சிக்கே இடுகின்றார்கள். முடிவு வந்த நாளில் ஒருவன் முகம் மலரும், ஒருவன் முகம் வாடும். ஆனால் இருவர் பிள்ளைகளும் ஒரே வண்டியில் ஏறி, ஒரே ஆங்கில வழிப் பள்ளிக்குப் போகின்றார்கள். அது பற்றி இருவர்க்கும் வேறுபாடு இல்லை. தெருக்கோடியில் இருக்கும் தமிழ்வழிப் பள்ளியில் வகுப்பறைகள் காலியாய்க் கிடக்கின்றன. பள்ளி திறக்கும் நாளுக்குள் அவ்விருவர் வீட்டுக் கதவையும் தட்டுவோர் இங்கு எத்துணைப் பேர் என்பதைக் கூட்டம் முடியுமுன் மன்றச் செயலாளர் கேட்டு எழுதிக் கொள்வார்.