கொல்லையைக் குடையும் பெருச்சாளி

இரவு மழை விட்ட மறுநாள் காலையில், வாழைக்கன்றின் தூரோரம் கூடையளவு மண் புதிதாகக் குவிந்து கிடக்கும். மண் பொலபொலவென்று ஈரம் காயாமல் இருக்கும். விலக்கிப் பார்த்தால் அடியில் கைமுட்டி நுழையும் வளை. தமிழ்நாட்டு வீட்டு மனைகளில் இது பெரும்பாலும் பெருச்சாளியின் வேலை. இல்லையென்றால் அதன் சிறிய உறவான கரம்பை எலியின் வேலை.

பெருச்சாளிக்கு உடலே ஓர் அடி இருக்கும்; வாலும் கிட்டத்தட்ட அதே நீளம். நன்றாகத் தின்று வளர்ந்தது ஒரு கிலோ வரை எடை வரும். தெலுங்கில் இதன் பெயர் பந்திகொக்கு, அதாவது பன்றி எலி. ஆங்கிலத்தில் பேண்டிகூட் என்று ஆனது இந்தச் சொல்தான். மூலையில் மடக்கினால் மயிரைச் சிலிர்த்துக்கொண்டு உறுமும்போது பெயரின் பொருத்தம் விளங்கும். கரம்பை எலி அதில் பாதி எடைகூட வராது. ஆனால் வளைக்குள் புகுந்ததும் வாசலை மண்ணால் அடைத்துக்கொள்ளும்; உள்ளே தனி அறைகளில் நெற்கதிரையும் கடலையையும் சேர்த்து வைக்கும்.

இந்தக் குற்றத்தில் வீணாக மாட்டிக்கொள்வது மூஞ்சூறு. கூர்மூக்கும் கீச்சுக்குரலும் கஸ்தூரி வாடையும் உள்ள இது எலி இனமே அல்ல. கரப்பானையும் பூச்சிகளையும் தின்பதுதான் இதன் பிழைப்பு; கிழங்கை இது தொடாது. ஐரோப்பியத் தோட்டங்களில் மண்மேடு எழுப்பும் அகழெலிக்கு இது தூரத்து உறவு. அந்த அகழெலி தென்னிந்தியாவில் கிடையாது. ஆகவே மேலைநாட்டுக் குறிப்புகளில் அகழெலிக்குச் சொல்லியிருக்கும் வைத்தியம் இங்கே அப்படியே செல்லாது. அது மண்புழு தேடி வருவது. பெருச்சாளியோ சோறு தேடி வருவது.

முதலில் எந்த வளையில் குடியிருப்பு உண்டு என்று தெரிய வேண்டும். அந்தியில் எல்லாப் பொந்துகளையும் மண் தள்ளி மிதித்து மூடிவிட வேண்டும். விடிந்ததும் எது திறந்திருக்கிறதோ அதில்தான் எலி இருக்கிறது. ஒரு வளைக்கு இரண்டு மூன்று வாய்கள் இருப்பது வழக்கம். குழாய்த் தண்ணீரை ஒரு வாயில் விட்டுக் காத்திருப்பவருக்குப் பின்னால், வேலியோரத்து வாய் வழியாக எலி போய்விடும்.

பெருச்சாளி ஒரு கொல்லையில் தங்குவதற்குக் காரணம் இரண்டே. ஒன்று, பாத்திரம் கழுவும் தண்ணீரோடு போகும் சோற்றுப் பருக்கை, மூடாத எருக்குழி, கோழித் தீவனம். மற்றொன்று மறைவிடம்: வீடு கட்டி மிஞ்சிய செங்கல் அடுக்கு, விறகுக் கட்டு, தேங்காய் மட்டைக் குவியல். இவற்றை அகற்றாமல் வளையை மட்டும் அடைப்பது வீண் வேலை. விறகைத் தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் அடுக்கினால் அடியில் வளை போட மனம் வராது. சாக்கடை வாய்க்கு இரும்பு வலை வேண்டும். மரவள்ளி, சேனை, சர்க்கரைவள்ளிப் பாத்திகளைச் சுற்றி அரை அங்குலக் கண்ணுள்ள கம்பி வலையை ஒன்றரை அடி ஆழம் புதைத்து, அடிவிளிம்பை வெளிப்பக்கமாக மடக்கிவிடுவது நல்ல காப்பு. கீழே தோண்டி வரும் எலி அந்த மடிப்பில் முட்டி நிற்கும்.

பிடிக்க வேண்டுமென்றால் கரம்பை எலிக்குத் தஞ்சாவூர்க் கிட்டி, பெருச்சாளிக்குக் கனத்த இரும்புக் கூண்டு. மூங்கிலை வில்லாக வளைத்துச் செய்யும் கிட்டி டெல்டா வயல்களின் பழைய கருவி. கூண்டு வைப்பவர்கள் பொறுமையில்தான் தோற்கிறார்கள். புதிய பொருளைக் கண்டால் எலிக்குச் சந்தேகம். இரண்டு மூன்று நாள் கதவைக் கட்டித் திறந்தே வைத்து, கருவாடும் தேங்காய்ச் சில்லும் தின்னப் பழக்கிவிட்டு, பிறகே பொறியை ஏற்ற வேண்டும். அகப்பட்டதை அடுத்த தெருவில் கொண்டுபோய் விடுவது தொல்லையை முகவரி மாற்றி அனுப்புவதே. செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கத்து இருளர்கள் பானையில் வைக்கோல் புகை மூட்டி வளைக்குள் ஊதிப் பிடிப்பார்கள். மறுவாய் எது என்று அறிந்து அங்கே ஆள் நிறுத்துவதில்தான் அவர்கள் திறமை.

இயற்கை எதிரிகள் கூகை, சாரைப்பாம்பு, கீரி. வளர்ந்த பெருச்சாளியிடம் வீட்டுப் பூனை பெரும்பாலும் ஒதுங்கிப் போகும். கூகை எலியை முழுதாக விழுங்கி, மயிரையும் எலும்பையும் உருண்டையாகக் கக்கும். மரத்தடியில் கிடக்கும் அந்த உருண்டையே அது வேட்டையாடியதற்குச் சான்று. எலி மருந்து வைத்த கொல்லையில் நஞ்சுண்ட எலியைத் தின்று கூகையும் சாகலாம்.

பூண்டுச் சாறு, ஆமணக்கெண்ணெய், காற்றில் கடகடக்கும் பாட்டில் ஆகியவற்றைப் பலரும் சொல்வார்கள். வாடை ஒரு மழையில் போகும். சத்தம் சில நாளில் எலிக்குப் பழகிவிடும்.

காலியான வளையைச் சல்லியும் உடைந்த கண்ணாடியும் கலந்த சிமெண்டுக் கலவையால் அடைப்பது வழக்கம். அஸ்திவாரத்தை ஒட்டிய வளை என்றால் இதைத் தள்ளிப்போடக் கூடாது. எலியின் சிறுநீர் கலந்த ஈர மண்ணிலிருந்து, தோலில் உள்ள சிறு வெடிப்பு வழியாகவே எலிக்காய்ச்சல் தொற்றும். அதனால் ரப்பர் கையுறையும் முழங்கால்வரை வரும் காலணியும் இல்லாமல், மழைக்காலத்தில் குறிப்பாக, வளையில் கை வைக்கக் கூடாது.