முகப்பருவும் களிம்பு மருந்தும்

முகத்தில் ஒரு பரு தோன்றினால் நாம் முதலில் நாடுவது கண்ணாடியை. அடுத்து நாடுவது மருந்துக் கடையை. கடைக்காரர் எடுத்துத் தரும் களிம்பைக் காலையும் மாலையும் தடவுகிறோம். நாலு நாளில் பரு அமுங்கினால், எஞ்சிய களிம்பை அலமாரியில் வைத்துவிட்டு, பின்னொரு நாள் குழந்தையின் முழங்கால் சிராய்ப்புக்கு அதையே எடுத்துத் தடவுகிறோம். வடக்கென்றும் தெற்கென்றும் வேறுபாடின்றி நம் வீடுகளில் காணப்படும் இவ்வழக்கத்தைச் சற்று ஆராய்வோம்.

நம் சருமத்தின் மயிர்க்கால்களை ஒட்டி எண்ணெய்ச் சுரப்பிகள் உள்ளன. பருவ வயதில் அவை மிகுதியாகச் சுரக்கின்றன. மயிர்க்காலின் வாய் அடைபட்டு எண்ணெய் உள்ளே தேங்கும்போது, அங்கே இயல்பாகவே வாழும் ஒருவகைக் கிருமி பெருகுகிறது. சிவப்பும் வீக்கமும் உண்டாகின்றன. ஆகவே பரு தொற்றுநோயன்று. கிருமியை மட்டும் கொன்றால் தீர்ந்துவிடுவதும் அன்று.

கிளிண்டமைசின் போன்ற ஆன்டிபயாட்டிக் களிம்பு அக்கிருமியைத் தணிக்கும். ஆனால் அதனைத் தனியே நெடுநாள் தடவிவந்தால், மருந்துக்கு மடியும் கிருமிகள் மடிய, மடியாதவை எஞ்சிப் பெருகும். பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்ஸாண்டர் ஃபிளெமிங், 1945-ஆம் ஆண்டு ஆற்றிய நோபல் பரிசுப் பேருரையிலேயே, அளவு குறைந்த மருந்தினால் கிருமிகள் எதிர்ப்புச் சக்தி பெற்றுவிடும் என்று எச்சரித்தார். எனவேதான் பருவுக்கு இம்மருந்தைத் தனித்து உபயோகிக்காமல், பென்சாயில் பெராக்சைடு என்னும் மருந்துடன் சேர்த்து உபயோகிக்க வேண்டும் என்று சரும மருத்துவர்கள் கூறுகிறார்கள். பொதுவாக மூன்று மாதத்துக்கு மேல் ஆன்டிபயாட்டிக்கைத் தொடர்வதும் இல்லை. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும்; பொறுமை வேண்டும். பென்சாயில் பெராக்சைடு துணியின் சாயத்தை வெளுக்கும். தலையணை உறை வெள்ளையாக இருத்தல் நலம்.

சீழ்ப்புண்ணின் கதை வேறு. குழந்தைகளின் வாயருகே தோன்றி, தேன்நிறப் பொருக்காகக் காயும் புண் பிறருக்கும் தொற்றக்கூடியது. சிறிய அளவில் இருந்தால், மருத்துவர் சொற்படி, பொருக்கைச் சோப்பு நீரால் மெல்லக் கழுவி, மியூபிரோசின் களிம்பைக் குறித்த நாள்வரை தடவினால் போதும். மூன்று நான்கு நாளில் குணம் தெரியாவிட்டாலும், காய்ச்சல் கண்டாலும், சிவப்பு பரவினாலும், நோயாளி நீரிழிவு உடையவராயினும் மருத்துவரிடம் உடனே செல்ல வேண்டும். சாதாரணச் சிராய்ப்புக்கோ சுத்தமான நீரும் சோப்புமே போதும். நியோமைசின் கலந்த மருந்து சிலருக்கு ஒவ்வாமல் அரிப்பையும் தடிப்பையும் உண்டாக்கும் என்பதையும் மறக்கலாகாது.

இவற்றைவிடப் பெரிய அபாயம் ஒன்று உண்டு. ஆன்டிபயாட்டிக், படர்தாமரை மருந்து, ஸ்டீராய்டு ஆகிய மூன்றையும் ஒன்றாய்க் கலந்த களிம்புகள் நம் நாட்டில் தாராளமாகப் புழங்குகின்றன. தடவியவுடன் சிவப்பும் அரிப்பும் அடங்குவதால் நோய் தீர்ந்ததென எண்ணுகிறோம். உண்மையில் படர்தாமரை உள்ளூர வளர்கிறது. முகத்தில் தொடர்ந்து தடவினால் தோல் மெலிந்து, இரத்த நாளங்கள் வெளித்தெரிந்து, ரோமம் வளர்ந்து, புதிய பருக்களே கிளம்புகின்றன. நிறுத்தினாலோ முகம் சிவந்து எரிகிறது. இக்காரணம் பற்றியே, சருமத்தில் தடவும் ஸ்டீராய்டு மருந்துகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என்று 2018-ஆம் ஆண்டில் இந்திய அரசு விதி செய்தது. இத்தகைய களிம்பை நெடுநாள் தடவிவந்தோர், தாமே திடீரென நிறுத்தாமல் மருத்துவர் யோசனையைக் கேட்க வேண்டும்.

ஆகவே, களிம்பு வாங்குமுன் உறையில் சிவப்புக் கோடு இருக்கிறதா என்று பார்ப்போமாக. இருந்தால் அது சீட்டுக்குரிய மருந்து. ஒருவருக்குத் தந்ததை மற்றவர் தடவாதிருப்போம். குறித்த நாளுக்கு முன் நிறுத்தாமலும், பின்னும் நீட்டாமலும் இருப்போம். இன்று ஒரு பருவுக்காக நாம் வீணாக்கும் மருந்து, நாளை ஓர் உயிரைக் காக்க வேண்டிய நேரத்தில் பயனற்றுப் போய்விடலாகாது.