விளக்கு எரியும் மலை

(கொல்லிமலை அருள்மிகு அறப்பளீசுவரர் திருக்கோயிலில் ஆடிப்பெருக்கு விழாவின்போது ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஆடிப் பதினெட்டாகிய இந்நன்னாளில், ஐயாற்றின் கரையில், அறம்வளர்த்த நாயகியோடு எழுந்தருளியிருக்கும் அறப்பளீசுவரப் பெருமான் திருமுன்னர் நாம் கூடியிருக்கிறோம். காரவல்லியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வந்தவர்கள் நம்மில் பலர். திருச்சி மாவட்டத்துப் புளியஞ்சோலையிலிருந்து காட்டுவழியாகக் கால்நடையாய் ஏறி வந்தவர்களும் இங்கு இருக்கிறார்கள். எவ்வழியில் வந்தாலும் வந்து சேர்ந்த இடம் ஒன்றே. ஆதலின், இன்று தலப்பயணம் என்பதைப் பற்றியே பேச எண்ணினோம்.

முன்னாளில் ஒரு தலத்தைத் தரிசிக்க நாள் பல வேண்டும். இந்நாளில் ஒரு நாளில் தலம் பல காணலாம். வண்டி உண்டு, சாலை உண்டு, வழிகாட்டி உண்டு, கடல் கடந்த நாட்டுக் கோயில்களைக்கூட ஒரு பகற்பொழுதில் சுற்றிக் காட்டி, மாலையில் விடுதிக்குக் கொண்டுவந்து சேர்ப்பாரும் உண்டு. பயணம் எளிதாயிற்று. ஆனால் எளிதானதனாலேயே பயணத்தின் பயன் குறைந்துவிட்டதோ என்னும் ஐயம் நமக்கு எழுகிறது. அவ்வையத்தைத் தோற்றுவித்த நிகழ்ச்சி ஒன்றைச் சொல்லுகிறோம்.

நம் அன்பர் ஒருவர், நாமக்கல் பக்கத்தவர், அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர். அவர் குடும்பத்தின் குலதெய்வம் இம்மலைமேல் உறையும் மாசி பெரியண்ணசாமி. அவருடைய துணைவியார், "ஒருமுறை மலைக்குப் போய்ப் பெரியண்ணனுக்கு விளக்கேற்றி வருவோம்" என்று பலகாலும் கேட்டிருக்கிறார். "அருகில்தானே இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் போகலாம்" என்று அன்பர் ஒவ்வொரு முறையும் விடை சொல்லியிருக்கிறார். அருகில் இருக்கும் மலை அங்கேயே நின்றது. கேட்ட அம்மையார் சிவபதம் அடைந்துவிட்டார்.

தந்தையாரின் துயரை ஆற்றும்பொருட்டு, வெளிநாட்டில் பணிபுரியும் மகன் அவரை வியட்நாமுக்கு அழைத்துச் சென்றான். ஹோய் ஆன் என்னும் பழைய துறைமுக நகரையும், அதற்கு அண்மையில் உள்ள மீ சோன் கோயில்களையும் ஒரே நாளில் காண்பதற்குத் தனி வண்டியும் தனி வழிகாட்டியும் அமர்த்தினான்.

அன்பர்களே, மீ சோன் என்பது நமக்கு அயலான இடம் அன்று. மத்திய வியட்நாமில் சம்பா என்று ஓர் அரசு இருந்தது. அவ்வரசின் பத்திரவர்மன் என்னும் மன்னன், 4ஆம் நூற்றாண்டின் இறுதியில், மலைகள் சூழ்ந்த அப்பள்ளத்தாக்கில் சிவலிங்கம் நிறுவித் தன் பெயரையும் ஈசுவரன் பெயரையும் இணைத்துப் பத்திரேசுவரர் என்று வழங்கினான். 13ஆம் நூற்றாண்டு வரையில் வழிவழி வந்த மன்னர்கள் அங்கே செங்கற்கோயில்களை எடுத்தார்கள். எழுபதுக்கும் மேற்பட்ட கோயில்கள் அங்கே இருந்தன. பின்னர் அரசு மெலிந்தது, வழிபாடு நின்றது, காடு மூடியது. 1969இல் போர் விமானங்களின் குண்டுவீச்சில் தலைமைக் கோயில் இடிந்து வீழ்ந்தது. 1999இல் யுனெஸ்கோ நிறுவனம் அவ்விடத்தை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. நம் இந்தியத் தொல்லியல் துறையினர் அங்குச் சென்று பழுதுபார்க்கும் பணியை மேற்கொண்டனர். அப்பணியின்போது 2020இல், ஒரே மணற்கல்லில் அமைந்த 9ஆம் நூற்றாண்டுச் சிவலிங்கம் ஒன்று மண்ணுள்ளிருந்து வெளிப்பட்டது.

நம் அன்பர் அங்கே நின்றார். வழிகாட்டியாக வந்தவர் நற்பண்புள்ள இளைஞர். மன்னர் பெயர், ஆண்டு, செங்கல் அடுக்கிய முறை யாவற்றையும் குறைவின்றி விளக்கினார். அன்பர் கையில் சில காட்டுப் பூக்கள் இருந்தன. "இவற்றை எங்கே சாத்துவது?" என்று கேட்டார். அவ்விளைஞர் சற்றுத் தயங்கி, "ஐயா, இவ்விடத்தில் இப்போது நாள்வழிபாடு இல்லை. தெற்கே பான் ராங் நகரத்துப் போ குலோங் கராய் கோயிலில் சம் மக்கள் இன்றும் வழிபடுகிறார்கள். அங்கே மன்னனின் திருமுகம் அமைந்த முகலிங்கம் உண்டு, ஆண்டுதோறும் கத்தே என்னும் திருவிழாவும் உண்டு" என்றார்.

அன்பர் பூக்களை ஆவுடையாரின் அருகே தரையில் வைத்துவிட்டு வெளியே வந்தாராம். "அணைந்த விளக்கைப் பார்ப்பதற்குக் கடல் கடந்து வந்தேன், எரிகின்ற விளக்கைப் பார்க்க மலையேறவில்லையே என்று நெஞ்சு குமுறிற்று" என்று திரும்பி வந்தபின் நம்மிடம் சொன்னார். அவர் துணைவியார் கேட்டது அங்கேதான் அவர் காதில் விழுந்தது போலும்.

அடுத்த திங்களே, "கொல்லிமலைக்குப் போகவேண்டும், நீங்களும் உடன் வரவேண்டும்" என்று அழைத்தார். நாமும் சென்றோம். வண்டிக்காரர் சமவெளியைச் சேர்ந்தவர். ஒன்பது இடங்கள் எழுதிய பட்டியல் ஒன்றைக் கையில் கொடுத்து, இருட்டுவதற்குள் அனைத்தையும் காட்டிவிடுவதாகச் சொன்னார். மலைமேல் செம்மேட்டில், இம்மலை மகனார் ஒருவரை வழிகாட்டியாக அமர்த்திக்கொண்டோம். அவர் அப்பட்டியலைப் பார்த்துவிட்டு, "ஐயா, ஒன்பது இடத்தில் கால் வைக்கலாம், கையெடுத்துக் கும்பிட முடியாது. மூன்று போதும்" என்றார். வண்டிக்காரருக்கு அது பிடிக்கவில்லை. ஆயினும் நமக்கு அச்சொல்லில் ஒரு பாடம் இருப்பதாகத் தோன்றிற்று.

செம்மேட்டில் வல்வில் ஓரியின் சிலை நிற்கிறது. ஓரி யார்? கடையெழு வள்ளல்களுள் ஒருவன். ஒரே அம்பினால் யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகிய ஐந்தையும் வீழ்த்தியவன் என்று வன்பரணரால் பாடப்பெற்றவன். மலையமான் திருமுடிக்காரி அவனைக் கொன்று இம்மலையைச் சேரனுக்கு அளித்தான் என்று சங்க நூல்கள் பேசும். காரியும் போனான், சேரனும் போனான், ஓரியின் பெயர் மட்டும் மலைமக்கள் நாவில் நிற்கிறது. அவன் பெயரால் ஆடித் திங்களில் அரசே விழா எடுக்கிறது. வென்றவனை அன்று, கொடுத்தவனையே மக்கள் மறவாதிருக்கிறார்கள்.

போகும் வழியில் வழிகாட்டி தம் மக்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தார். இம்மலை பதினான்கு நாடுகளாகப் பிரிந்தது. வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு, திண்ணனூர் நாடு என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. தம் முன்னோர் காஞ்சியிலிருந்து வந்தவர்கள் என்பது மலையாளிகள் எனப்படும் இம்மலைமக்களின் வாய்மொழி மரபு. சாமையும் தினையும் கேழ்வரகும் விளைத்தார்கள். இப்போது மிளகும் காப்பியும் அன்னாசியும் விளைக்கிறார்கள்.

பின்னர் இத்திருக்கோயிலை அடைந்தோம். அறப்பள்ளி தேவார வைப்புத் தலம் என்பதை அறிவீர்கள். நாயன்மார் தனிப்பதிகமாகப் பாடாமல், வேறு பதிகத்தினுள் பெயரை வைத்துப் பாடிய தலம் அது. தொலைவில் இருந்துகொண்டே ஒரு தலத்தை நெஞ்சில் நினைத்து நாவினால் சொல்லி வைப்பதும் வழிபாடே என்று நாம் கொள்ளலாம். அம்பலவாணக் கவிராயர் இப்பெருமான்மேல் சதகம் பாடி, நூறு பாடல்களிலும் இவர் பெயரை நிலைநிறுத்தினார்.

உழவன் ஒருவன் நிலத்தை உழுதபோது கலப்பை பட்டுக் குருதி பெருக, இப்பெருமான் வெளிப்பட்டார் என்று தல வரலாறு கூறும். இதைக் கேட்டவுடன் நம் அன்பர் கண்கலங்கினார். நாமும் அதையே எண்ணினோம். இங்கும் ஒரு திருமேனி மண்ணுள்ளிருந்து வெளிப்பட்டது. அங்கும் ஒரு திருமேனி மண்ணுள்ளிருந்து வெளிப்பட்டது. அங்கே அதை வெளிக்கொணர்ந்த அறிஞர்கள் போற்றுதற்குரியவர்கள். ஆனால் அளந்து குறித்துக் காப்பது அவர்கள் பணி. அமுது படைப்பார் அங்கே இல்லை. இங்கே உழவன் ஏரை விட்டுவிட்டுக் கைகூப்பினான். அன்று கூப்பிய கை இன்றுவரை வழிவழியாகக் கூப்பியபடியே இருக்கிறது. கல்லில் வேற்றுமை இல்லை, அன்பர்களே! எதிரே நிற்பவனிடத்தில்தான் வேற்றுமை.

உச்சிக்கால வழிபாடு முடியும்வரை வழிகாட்டி நம்மை எழவிடவில்லை. பிறகு ஆற்றங்கரைக்கு அழைத்துச் சென்று மீன்களுக்குப் பொரி இடச் செய்தார். அறுத்துச் சமைக்கப்புகுந்த மீன் உடல் பொருந்தி ஆற்றில் குதித்தது என்னும் கதையால், இவ்விடத்து மீனை யாரும் பிடிப்பதில்லை என்றார்.

அடுத்து ஆகாய கங்கை. ஐயாறு ஏறத்தாழ முந்நூறு அடி உயரத்திலிருந்து வீழும் அவ்விடத்துக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகள் இறங்கவேண்டும். அன்பருக்கு முழங்கால் வலி. படியின் தலைப்பிலேயே அமர்ந்துவிட்டார். "அவள் இருந்திருந்தால் இறங்கியிருப்பாள்" என்று மட்டும் சொன்னார். வழிகாட்டி ஒன்றும் பேசாமல் அவர் கையிலிருந்த செம்பை வாங்கிக்கொண்டு இறங்கினார். நெடுநேரம் கழித்து, நீர் நிறைந்த செம்போடும், தோளில் ஒரு சாக்கோடும் ஏறிவந்தார். சாக்கு நிறைய நெகிழிப் புட்டிகளும் உறைகளும்! தீர்த்தமாட வந்தவர்கள் தீர்த்தத்தில் விட்டுச் சென்றவை. "தம்பி, இது எதற்கு?" என்றோம். "வெறுங்கையோடு ஏறுவானேன் என்று எடுத்து வந்தேன், ஐயா" என்றார். நமக்குத் தலை கவிழ்ந்தது. தலைமேல் கங்கையைத் தாங்கிய பெருமானைக் கும்பிட வந்த நாம், அவன் கங்கையின் தலைமேல் குப்பையைக் கொட்டிவிட்டுப் போகிறோம்!

மூன்றாவதாக எட்டுக்கை அம்மன் கோயில். சங்கப் புலவர் பாடிய கொல்லிப்பாவை இவளே என்பது மக்கள் நம்பிக்கை. அங்கே கும்பிட்டு எழும்போது பொழுது சாய்ந்தது. குன்றின் உச்சியில் இருக்கும் பெரியண்ணசாமியை அன்று காண இயலவில்லை. "இதற்காகத்தானே வந்தேன்" என்று அன்பர் வருந்தினார். அதற்கு வழிகாட்டி, "ஐயா, போகிற வழியில் பார்க்கிற சாமி இல்லை அது, உங்கள் குலசாமி. அதற்கென்று ஒரு நாள் வாருங்கள், மெதுவாக ஏறலாம், நான் கூட வருகிறேன்" என்றார்.

அப்போது நமக்குத் திண்ணனார் நினைவு வந்தது. வேட்டையாடி வந்த திண்ணனார்க்குக் காளத்தி மலையைக் காட்டி, அங்கே குடுமித்தேவர் இருக்கிறார், போனால் கும்பிடலாம் என்று சொன்னவன் யார்? நாணன் என்னும் வேடன். அவன் ஆகமம் கற்றவன் அல்லன், மலையை அறிந்தவன். அவன் காட்டிய வழியில் ஏறிய திண்ணனார் ஆறு நாளில் கண்ணப்பர் ஆனார். நாணனோ மலையை விட்டு இறங்கித் தன் ஊருக்குப் போய்விட்டான். வழிகாட்டி படிவரைக்கும் காட்டுவான். அதன்பின் பார்த்துவிட்டுத் திரும்புவதும், தங்கித் தன்னைக் கொடுப்பதும் சென்றவன் செயல். திருப்பைஞ்ஞீலிக்கு நடந்த அப்பரடிகளுக்குப் பொதிசோறு தந்து உடன் நடந்து வழிகாட்டிய அந்தணர் யார் என்பதும் உங்களுக்குத் தெரியும். ஆதலின் வழிகாட்டியைக் கூலியாள் என்று எண்ணாதீர்கள். எந்த வடிவில் யார் வருவார் என்று நாம் அறியோம்.

அன்பர் சொன்ன சொல்லைக் காத்தார். புரட்டாசித் திங்களில் ஒரு நாள், பெரியண்ணனுக்கென்றே வந்தார். அதே வழிகாட்டி தோள் கொடுக்க, இருந்து இருந்து ஏறினார். துணைவியார் கேட்ட அந்த விளக்கைத் தம் கையால் ஏற்றினார். அன்று முதல் திங்கள்தோறும் எண்ணெய் அனுப்பி வருகிறார். காலம் கடந்து ஏற்றிய விளக்குத்தான். ஆயினும் ஏற்றிய விளக்கு.

அன்பர்களே, உங்களுக்கு மூன்று விண்ணப்பங்கள். ஒன்று: வெளிநாடு செல்வதை நாம் தடுக்கவில்லை, சம்பா நாட்டுக் கோயில்களை அவசியம் காணுங்கள், ஆனால் அதற்கு முன் உங்கள் ஊர்ச் சிவாலயத்தில் இன்று விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். கோயில் இடிவது குண்டு விழும் நாளில் மட்டும் அன்று. எண்ணெய் வார்க்க ஆளில்லாத நாளிலேயே இடியத் தொடங்குகிறது. இரண்டு: மலைக்கு வந்தால் மலைமக்களை வழிகாட்டியாகக் கொள்ளுங்கள், பேசிய கூலியைக் குறைக்காதீர்கள், அவர்கள் சொல்லுக்குச் செவி கொடுங்கள். மூன்று: இறங்கும்போது கொண்டுவந்த குப்பையைக் கொண்டே போங்கள்.

விளக்கிடுதலும் அலகிடுதலும் சரியைத் தொண்டு என்று நம் சாத்திரங்கள் முதற்படியாக வைத்தன. நமிநந்தியடிகளும் கணம்புல்லரும் அப்படியிலிருந்தே சிவலோகம் சேர்ந்தனர். கடைசியாக ஒரு சொல். 'அருகில்தானே இருக்கிறது' என்று இருந்துவிடாதீர்கள். மலை காத்திருக்கும், பெருமான் காத்திருப்பான், உடன் வரக் கேட்டவர்கள் காத்திருக்க மாட்டார்கள்.

அறப்பளீசுவரர் திருவருளும் அறம்வளர்த்த நாயகியின் திருவருளும் அனைவர்க்கும் பெருகுக!

திருச்சிற்றம்பலம்.