விட்டுவிட்டு எரியும் விளக்கு



மோட்டர் வாகனத்திலே சாரதியின் முன்னுள்ள பலகையிற் சிறு விளக்குகள் பல உள. அவற்றுள் ஒன்று ஓயாது எரியுமாயின் பழுதைக் கண்டுபிடித்தல் பெரும்பாலும் எளிது. எரிவதும் அணைவதுமாயிருக்கும் விளக்கே மனிதரை அலைக்கழிப்பது. கராஜுக்குக் கொண்டுசென்றால் அங்கே அது எரியாது. வீடு திரும்பும் வழியில் மீண்டும் எரியும். அத்தகைய விளக்கின் காரணத்தை ஆராயும் முறையைப் பற்றியே இன்று பேசக் கருதுகின்றேன்.

மேனாடுகளிலே படுக்கையும் அடுக்களையும் அமைந்த வாகனங்களிற் குடும்பத்தோடு ஊர் சுற்றுவோர் பலர். ஆடி மாதத்திலே கதிர்காமத்துக்குப் புறப்படும் நம்மூர் வானும் சில நாட்களுக்கு ஒரு வீடேயாகும். அரிசி மூட்டையும் அடுப்பும் பாயும் ஏறும். முதியோரும் குழந்தைகளும் ஏறுவர். பழுகாமத்திலிருந்து அம்பாறை, சியம்பலாண்டுவை, மொனராகலை, புத்தலை என்று வழி நீளும். புத்தலைக்கு அப்பால் யானை நடமாடும் காடு. அங்கே மாலைப்பொழுதிற் செவ்விளக்கு மினுக்கினால் நிற்பதா, செல்வதா? இதற்கு விடையை வீட்டிலேயே தேடிக்கொள்ளல் வேண்டும்.

பச்சையும் நீலமும் செய்தி கூறுவன. மஞ்சள் விரைவிற் கவனிக்குமாறு கூறுவது. சிவப்போ, வாகனத்தைப் பாதுகாப்பான இடத்தில் நிறுத்துமாறு பணிப்பது.

நம் முன்னோரை வாட்டிய முறைக்காய்ச்சலை எண்ணிப் பாருங்கள். ஒரு நாள் உடல் நடுங்கும். மறுநாள் நோயாளி எழுந்து வயலுக்குப் போவார். காய்ச்சல் இல்லாத நாளிலும் நோய்க்கிருமி உடலில் இருக்கவே செய்தது. ஆதலின் வைத்தியர், காய்ச்சல் எத்தனை நாளைக்கு ஒருமுறை, எந்த வேளையில் வருகின்றது என்று கேட்டார். இலங்கை மலேரியா அற்ற நாடென 2016ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. ஆயினும் அந்த வைத்தியரின் வினா இன்றும் பயனுடையது. விளக்கு எரிகின்றதா என்பதோடு நில்லாது, எப்பொழுது எரிகின்றது என்று கேட்டல் வேண்டும்.

எஞ்சின் எண்ணெயின் அமுக்கம் குறைந்தால் எரியும் விளக்கு, வளைவில் திரும்பும்போது மட்டும் மினுக்கினால், எண்ணெய் குறைந்திருக்கக்கூடும். எஞ்சின் நன்கு சூடேறியபின், நின்ற நிலையில் மெதுவாக ஓடும்போது மட்டும் மினுக்கினால், எண்ணெய் நீர்த்திருக்கலாம், உள்ளுறுப்புகள் தேய்ந்துமிருக்கலாம். பற்றறி விளக்கு மழையில் மட்டும் எரியுமாயின், தளர்ந்த பட்டி ஈரத்தில் வழுக்குகின்றதா என நோக்குக.

எங்கள் ஊர் வானொன்றிலே பிறேக் விளக்கு இவ்வாறு வந்து போயிற்று. ஒரு கராஜிற் கைப்பிறேக்கின் ஆளியை மாற்றினர். இன்னொன்றில் வயரை மாற்றினர். பணம் செலவாயிற்று, விளக்கு நிற்கவில்லை. வான்காரர் என் பழைய மாணவர். "சேர், இது விளக்கின் பிழைதான், குமிழைக் கழற்றிவிடப் போகிறேன்" என்றார். "கழற்றுமுன் ஒரு கிழமைக்கு எழுதிப் பாரும், தம்பி" என்றேன். அவர் எழுதினார். ஆட்கள் நிறைந்து, இறக்கத்திற் பிறேக்கை அழுத்திய வேளைகளிலேயே விளக்கு எரிந்திருந்தது. வெறுமையாய்ச் சமதரையில் ஓடியபோது ஒருமுறையேனும் எரியவில்லை. உடனே பிறேக் எண்ணெய்ப் போத்தலைப் பார்த்தார். எண்ணெய் கீழ்க்கோட்டளவுக்கு இறங்கியிருந்தது. வண்டி சரிந்தால் எண்ணெய் ஒருபுறம் ஒதுங்க, மிதவை தாழ்ந்து விளக்கை ஏற்றியது. போத்தலை நிரப்பியிருந்தால் விளக்கு அணைந்திருக்கும், கசிவு நின்றிராது. பின்சக்கரமொன்றைக் கழற்றியபோது உட்புறம் நனைந்திருக்கக் கண்டனர். அடுத்த கிழமை பதினான்கு பேரோடு அந்த வான் எல்லவிலிருந்து வெல்லவாயாவுக்கு இறங்க இருந்தது.

வயரினாலும் விளக்கு மினுக்குவதுண்டு. வாவிக்கரையில் வாழும் நமக்கு உப்புக்காற்று புதிதன்று. பற்றறி முனைகளிற் பச்சை பூக்கின்றதா, எஞ்சினையும் வண்டியின் உடலையும் இணைக்கும் புவித்தொடுப்பு வயர் துருவேறியதா என்று நோக்குக. யாத்திரைக்காக விசிறியும் மேலதிக விளக்கும் பூட்டியவர்கள், அப்பொழுது வெட்டி முறுக்கிய இணைப்புகளையே முதலிற் சோதிப்பது நன்று. 12 வோல்ற் பற்றறி நிறைந்து ஓய்ந்திருக்கையில் ஏறத்தாழ 12.6 வோல்ற்றும், எஞ்சின் ஓடுகையில் ஏறத்தாழ 14 வோல்ற்றும் காட்டுதல் வேண்டும். எஞ்சினை நின்ற நிலையில் ஓடவிட்டு, சுழலும் உறுப்புகளுக்குக் கை எட்டாதவாறு, வயர்களை மெல்ல அசைத்துப் பார்க்கலாம். விளக்கு மினுக்கிய இடத்தருகே பழுது இருக்கும்.

அண்மைக்கால வாகனங்களில் கணினிக் கருவியைப் பொருத்திப் பழுதின் இலக்கத்தைப் படிக்கின்றனர். அவ்விலக்கம் முறைப்பாடு எங்கிருந்து வந்தது என்று கூறும். எப்பொருளை மாற்றவேண்டும் என்று கூறாது. ஒருமுறைக்கு ஒன்றை மட்டும் மாற்றி, முன்னர் எரிந்த அதே நிலைமையில் ஓட்டிப் பார்த்தாலன்றி, திருந்தியது எதனால் என்று தெரியமாட்டாது.

இனி, காட்டுவழி வினாவுக்கு வருவோம். எண்ணெய் விளக்கெனில் ஓரமாக நிறுத்தி எஞ்சினை உடனே அணைத்து, அளவுகோலைப் பார்க்க வேண்டும். பிறேக் விளக்கெனில், கைப்பிறேக் முற்றாக இறங்கியிருந்தும் எரியுமாயின், மெதுவாக நிறுத்திப் போத்தலைப் பார்க்க வேண்டும். எண்ணெய் குறைந்திருந்தால் ஆட்களோடு பயணத்தைத் தொடரலாகாது. பற்றறி விளக்கெனில், பட்டி அறாதிருந்தால் விசிறி முதலியவற்றை நிறுத்திவிட்டு அண்மையிலுள்ள ஊரை அடையலாம். பட்டி அறுந்திருந்தால் எஞ்சினும் சூடேறக்கூடும்.

புறப்படுமுன் திறப்பைத் திருப்பி, எஞ்சினை இயக்காமல், எண்ணெய் விளக்கும் பற்றறி விளக்கும் எரிகின்றனவா என்று பாருங்கள். அப்பொழுது எரியாத விளக்கு ஆபத்திலும் எரியாது. விட்டுவிட்டு எரியும் விளக்கு தொல்லையாகத் தோன்றலாம். ஆயினும் பழுது சிறிதாயிருக்கும்போதே அது பேசத் தொடங்குகின்றது. அது பேசிய வேளையை ஒரு கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள். காரணத்தை அறிய அதுவே வழிகாட்டும்.