75 டிகிரி வெந்நீரில் கரண்ட் எடுக்கலாமா?

ஒரகடத்துல ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில மெயின்டனன்ஸ் பார்க்குற நேயர் கேட்டிருக்கார்: "எங்க ஏர் கம்ப்ரஸர் சூட்டுல இருந்து 75 டிகிரிக்கு வெந்நீர் எடுக்கலாம். அதுல கரண்ட் எடுக்குற மெஷினை விற்க வந்திருக்காங்க. எரிபொருள் செலவே இல்லையாம். வாங்கலாமா?"

மெஷின் ஏமாத்து வேலை இல்லை. நில வெப்பத்துல கரண்ட் எடுக்குற 'பைனரி பிளான்ட்'டோட சின்ன வடிவம்தான் அது. வெந்நீர் நேரா டர்பைனுக்குப் போகாது. குறைஞ்ச சூட்டிலேயே கொதிக்குற இன்னொரு திரவத்தை அது ஆவியாக்கும், அந்த ஆவி டர்பைனைச் சுத்தும், அப்புறம் குளிர்ந்து திரும்பத் திரவமாகும். ஏசியைத் தலைகீழா ஓட்டுற மாதிரி.

அலாஸ்காவுல சேனா ஹாட் ஸ்பிரிங்ஸ்னு ஒரு ரிசார்ட். 2006ல இருந்து வெறும் 74 டிகிரி ஊற்று நீர்ல கரண்ட் எடுக்குறாங்க. உங்க வெந்நீரும் கிட்டத்தட்ட அதே சூடுதான். ஆனா அவங்க குளிர வைக்குற தண்ணீர் 4 டிகிரி! உங்க கூலிங் டவர் தண்ணீர் 32 டிகிரி இருக்குமா? அங்கதான் அடி.

சூட்டுக்கும் குளிருக்கும் உள்ள இடைவெளிதான் கரண்டா மாறுது. கார்னோ 1824லயே சொன்ன விஷயம். அந்தக் கணக்குப்படி சேனாவுக்கு உச்ச வரம்பு 20 சதவீதம், நிஜத்துல கிடைக்குறது 8. ஒரகடத்துக்கு வரம்பே 12தான். அதே விகிதத்துல போட்டா கைக்கு வர்றது 5 சதவீதம்கூட இல்லை. அதுல பம்பு, ஃபேன் வேற தின்னும். இன்னொண்ணு, சேனா கிரிட் இல்லாத ஊர். டீசல் கரண்ட் யூனிட்டுக்கு சுமார் 30 சென்ட் ஆகிட்டிருந்தது. உங்களுக்கு வாசல்லயே கிரிட் இருக்கு.

நம்ம நாட்டுல இதுக்குப் பொருத்தமான இடம் லடாக்கின் புகா பள்ளத்தாக்கு. சுமார் 4,400 மீட்டர் உயரம், கொதிக்குற ஊற்று, மேல உறைய வைக்குற காத்து. 2021 பிப்ரவரியில ஓஎன்ஜிசி அங்க ஒப்பந்தம் போட்டுச்சு. முதல்ல 1 மெகாவாட் பிளான்ட்னு திட்டம்.

சரி, உங்க வெந்நீரை என்ன பண்றது? பெயின்ட் அடிக்குறதுக்கு முன்னாடி பாகங்களைக் கழுவுற டேங்க் உங்ககிட்ட இருந்தா, அதுக்கு 50, 60 டிகிரி போதும். அதைச் சூடாக்க இப்போ கேஸோ ஹீட்டரோ எரியும். கம்ப்ரஸர் வெந்நீரை ஒரு ஹீட் எக்ஸ்சேஞ்சர் வழியா அங்க விடுங்க. 100 யூனிட் சூட்டுல 5 யூனிட் கரண்டுக்குப் பதிலா, குழாயில போற கொஞ்சம் நஷ்டம் போக, மிச்சம் முழுக்க எரிபொருள் மிச்சமாகும். டர்பைனே வேண்டாம்.

டேங்கே இல்லை, மெஷின்தான் வாங்கணும்னா, விற்க வந்தவர்கிட்ட ஒரே ஒரு நம்பர் கேளுங்க: மே மாசம் மத்தியானம் 2 மணிக்கு, பம்பு, ஃபேன் எல்லாம் கழிச்சு, எத்தனை கிலோவாட்? அதை ஒப்பந்தத்துல எழுதித் தரச் சொல்லுங்க.